தாத்தாவுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தது யார்?

அயனம்பாக்கம் மெயின் ரோட்டில் காலாற நடந்தால் ஒரு விஷயம் விளங்கும். இங்கே காலமானவர்கள் யாரும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போகவில்லை. மஞ்சள் நீராட்டு விழா பேனரில் பெரியார் மேகக்கூட்டத்தின் நடுவே அமர்ந்து அருள்பாலிக்கிறார். சொர்க்கமும் நரகமும் புரட்டு என்று ஆயுசு முழுக்கச் சொன்ன மனிதரை மேகத்தின்மேல் உட்காரவைக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும். 1987-இல் மறைந்த எம்.ஜி.ஆர்., மீசை இப்போதுதான் அரும்பும் ஒரு பையனின் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறார். பையனும் ‘தலைவரை எனக்கு நல்லாத் தெரியும்’ என்கிற முகபாவத்தில் நிற்கிறான்.

இவர்களை எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் இழுத்துவந்து நிறுத்துகிறவர் ஒரு டிசைனர் தம்பி. ஜெராக்ஸ், ரீசார்ஜ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் பத்துக்குப் பத்து அறைக்குள். கல்யாண பேனருக்கும் கருமாதி பேனருக்கும் ஒரே பின்னணி மேகத்தைத்தான் பயன்படுத்துகிறார். கேட்டால், மேகம் ஒன்றுதான், நாம் அதைப் பார்க்கிற மனநிலைதான் வேறு என்று வேதாந்தம் பேசுவார்.

அவரிடம்தான் அப்பா போனார். ஏரிக்கரைப் பக்கம் புதிதாக வாங்கிய ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தோம். ஹாலில் பெரிதாக ஒரு குடும்பப் படம் மாட்ட வேண்டும், அதில் தாத்தாவும் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. தாத்தா 1979-இல் போய்விட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. ஆயாவுக்கு இப்போது எண்பத்து மூன்று.

இப்படி ஆசைப்பட்டவர்கள் எங்கள் வீட்டார் மட்டுமில்லை. அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் 1865-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். சில வருஷம் கழித்து அவர் மனைவி மேரி, வில்லியம் மம்லர் என்ற படப்பிடிப்புக்காரரிடம் போய் உட்கார்ந்தார். கழுவி எடுத்தால், பின்னால் லிங்கன் நின்று மனைவியின் தோளில் கைவைத்திருக்கிறார்! மம்லர்மேல் அதற்கு முன்பே, 1869-இல், மோசடி வழக்கு நடந்து விடுதலையும் ஆகியிருந்தது. எங்கள் தம்பி அந்த விதத்தில் யோக்கியர். ஆவி வந்தது என்று சொல்வதில்லை, ‘கட் பண்ணி ஒட்டிருவேன் சார்’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்.

நம் பக்கத்திலும் இந்தத் தொழிலுக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். 1850-களில் மதராஸ் மாகாணத்தின் அரசுப் படப்பிடிப்பாளராக இருந்த லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் படமெடுத்தார். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல வானம் வெறும் வெள்ளையாகத்தான் பதியும். மனிதர் நெகடிவ்மேல் தூரிகையால் மேகம் தீட்டிவிட்டார். ஆக, மேகம் போடுகிற பழக்கம் ஃப்ளெக்ஸ் கடையில் ஆரம்பித்ததில்லை. அரசாங்கச் செலவிலேயே நடந்திருக்கிறது.

எங்கள் தாத்தாவுக்கு இருப்பது ஒரே படம். ஆவடி டாங்கி ஆலையில் வேலை பார்த்தவர். 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்த ஆலை. அங்கே கொடுத்த பாஸில் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படம்தான் அது. நெஞ்சோடு முடிந்துவிடும். டாங்கி தன்னை நோக்கி வருகிற மாதிரியே பார்த்துக்கொண்டிருப்பார். வலது கன்னத்தின்மேல் பாதி வட்டமாக ஊதா நிற முத்திரை.

மொட்டைமாடியில் ஏரி பின்னால் தெரிய எங்களை எல்லாம் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். பெரியப்பா மட்டும் வரவில்லை. பட்டாபிராம் மனை விஷயத்தில் அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ‘செத்தவரையே சேக்கறானுங்களாம், உயிரோட இருக்கறவன் எதுக்கு’ என்று அத்தையிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

மறுநாள் தம்பி போன் செய்தார். “சார், ஒரு சிக்கல். தாத்தா லெஃப்ட்ல இருந்து லைட் வாங்குறாரு. நீங்க எல்லாரும் ரைட்ல இருந்து வாங்குறீங்க.”

மேற்கே திருவேற்காட்டுப் பக்கம் சாயும் சூரியன் எங்கள்மேல். தாத்தாவின்மேல் ஏதோ ஸ்டுடியோவில் எரிந்த விளக்கு. இரண்டையும் ஒட்டினால் ஒரே மொட்டைமாடியில் இரண்டு சூரியன். தாத்தாவைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டுவிடலாமா என்றார். போடலாம். ஆனால் வகிடு மறுபக்கம் போய்விடும், கன்னத்து முத்திரையும் போகும். முத்திரையை எப்படியும் அழிக்கத்தானே போகிறோம் என்று அப்பா தலையாட்டினார்.

அடுத்த வழக்கு சட்டையின் நிறம். படத்தில் சாம்பல். அப்பா வெளிர்நீலம் என்றார். அத்தை சந்தனக் கலர் என்று சத்தியம் செய்தாள். தாத்தா போனபோது அத்தைக்கு நான்கு வயது, இருந்தாலும் சத்தியம் சத்தியம்தானே. கடைசியில் ஆயாதான் தீர்த்துவைத்தாள். “அது அவரு சட்டையே இல்லடா. ஸ்டுடியோவுல ஆணில மாட்டி வெச்சிருப்பான். வர்றவன் போறவன்லாம் அதத்தான் மாட்டிக்கினு போட்டோ புடிச்சுக்குவான்.” கோட்டு, டை, கைக்கடிகாரம் என்று அன்றைய ஸ்டுடியோக்கள் ஊருக்கே பொதுவாக ஒரு உடுப்பு வைத்திருந்தது உண்மைதான். அந்த ஒரு சட்டை ஆவடியில் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறதோ.

முதல் பிரின்ட் வந்தது. நெஞ்சுக்குக் கீழே தாத்தா கிடையாது என்பதால், தம்பி தன் கையிருப்பிலிருந்த ஒரு உடம்பை எடுத்துப் பொருத்தியிருந்தார். கோட்டு, சூட்டு, பளபளவென்று கறுப்பு ஷூ. ஆயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தவள் காலில் நின்றுவிட்டாள்.

“இவருக்கு ஷூ யார்றா வாங்கிக் குட்த்தது?”

யாரும் பதில் சொல்லவில்லை. அவள் மறுபடியும் முகத்துக்குப் போனாள்.

“மச்சம் எங்க?”

ஊதா முத்திரைக்கு அடியில் தாத்தாவுக்கு ஒரு மச்சம் இருந்திருக்கிறது. முத்திரையைத் துடைக்கும்போது தம்பி அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். கடையில் போய் ஆயா விரலை வைத்துக் காட்ட, தம்பி மவுஸால் ஒரு புள்ளி வைத்தார். “அங்க இல்ல, இங்க.” “இங்கியா ஆயா?” “கொஞ்சம் கீய.” “இப்ப?” “பெரிசாப் பூட்ச்சு. கொள்ளு சைஸ் போதும்.” படத்தைத் திருப்பிப் போட்டதால் கன்னம் மாறியிருந்ததை இருவரும் மறந்திருந்தார்கள். பிறகு முகத்தை நேராக்கி, நிழலைத் தம்பி கையாலேயே வரைந்து, கோட்டைக் கழற்றி வேட்டி கட்டிவிட்டு, செருப்பில்லாத ஒரு ஜோடிக் கால்களையும் தேடிப்பிடித்தார். அந்தக் கால்கள் ஏதோ அரசியல் பாதயாத்திரை பேனரிலிருந்து வந்தவை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

ஆனால் பெரிய சிக்கல் ஒளியும் இல்லை, ஷூவும் இல்லை. படத்தில் யார் பழசு, யார் புதுசு என்பதே தலைகீழாகிவிட்டது. நாற்பத்தொரு வயது தாத்தா, கறுகறுவென்ற முடியோடு. அவருக்குப் பக்கத்தில் அறுபத்து மூன்று வயது மகன், அதாவது அப்பா, வழுக்கையும் தொப்பையுமாக. இந்தப் பக்கம் எண்பத்து மூன்று வயது மனைவி. எனக்கு முப்பத்தேழு. பார்க்கிறவர்களுக்குத் தாத்தா என் அண்ணன். பால் போட வந்த பையன் “உங்க பிரதரா சார், வெளிநாட்டுல இருக்காரா?” என்றே கேட்டுவிட்டான். கொஞ்சம் தூரந்தான் என்றேன்.

சினிமாக்காரர்கள் இதை எப்போதோ சமாளித்துவிட்டார்கள். 1940-இல் ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம். லென்ஸின் ஒரு பாதியை மறைத்து எடுத்து, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியில் இன்னொரு வேடத்தை எடுப்பது அன்றைய வித்தை. கேமரா நூலளவு அசைந்தாலும் நடுவில் கோடு விழும். 1969-இல் ‘தெய்வ மகன்’. அப்பா, இரண்டு பிள்ளைகள், மூன்றும் சிவாஜி. அங்கே மேக்கப் இருந்தது. வயதை ஏற்றலாம், இறக்கலாம். 2024-இல் விஜய் நடித்த ‘கோட்’ படத்தில் அதையே கம்ப்யூட்டர் செய்து அப்பாவையும் மகனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது. முந்தைய டிசம்பரில் காலமான விஜயகாந்தும் அதே படத்தில் திரும்பி வந்தார். அதே ஆண்டு ஜனவரியில் ஒரு புத்தக விழாவில், 2018-இல் மறைந்த கலைஞர் திரையில் தோன்றி வாழ்த்துரையே வழங்கினார்.

தம்பிக்கும் இதெல்லாம் தெரியும். “ஏஐ-ல போட்டு தாத்தாவுக்கு வயசு ஏத்திரலாம் சார். இப்ப உயிரோட இருந்தா எப்படி இருப்பாரோ அப்படியே வந்துரும்.”

வந்தது. வெள்ளை முடி, தொங்கிய கன்னம், கச்சிதமாகப் பல்செட் பொருத்திய சிரிப்பு. தாத்தா சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். ஆயா வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, “யாருடா இந்தக் கெய்வன்? என் பக்கத்துல ஒக்கார வெச்சிருக்கீங்க?” என்றாள்.

சரி, அப்படியானால் ஆயாவுக்கு வயதைக் குறைக்கலாம் என்றார் தம்பி. அதற்கும் ஒரு மாதிரி தயார். பதினெட்டு வயசுப் பெண் மாதிரி தோலை வழவழவென்று இழைத்திருந்தார். ஆயா அதையும் பார்த்தாள். “இவ நல்லாத்தான் கீறா. ஆனா இவள எனக்குத் தெரியாது.”

கடைசியில் அவளே ஏற்பாடு சொன்னாள். அவர் அப்படியே இருக்கட்டும், தானும் இப்படியே இருக்கிறேன், நடுவில் மட்டும் பேரனைப் போடு. பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தானே அம்மாவும் பிள்ளையும் மாதிரி தெரியும்? ஆக நான் நடுவில். தாத்தாவின் பாதயாத்திரைக் கால்களுக்கும் ஆயாவின் சுங்குடிச் சேலைக்கும் இடையில்.

கிரகப்பிரவேசத்தன்று படம் ஹாலில் ஏறியது. வந்தவர்கள் பால் காய்ச்சியதைப் பார்த்தார்களோ இல்லையோ, படத்தைப் பார்த்தார்கள். அத்தை தன் மாமனாரையும் சேர்த்திருக்கலாம் என்றாள். சித்தி, விவாகரத்தான மருமகனைத் தன் வீட்டுப் படத்திலிருந்து எடுக்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்தாள். எடுப்பதற்கு ரேட் கூடவாம். சேர்ப்பது சுலபம், எடுத்தால் அவருக்குப் பின்னால் இருந்த சுவரை வரைந்தாக வேண்டும்.

யாரும் எதிர்பாராமல் பெரியப்பா வந்தார். சமையல்காரர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாரிடமும் பேசினார், அப்பாவைத் தவிர. பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தின் முன்னால் நின்றார். வலது ஓரத்தில், ஏரித் தண்ணீருக்கு முன்னால், ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் காலியிடம் இருந்தது.

“இது எதுக்கு சும்மா கெடக்கு?” என்று பொதுவாகக் கேட்டார்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “டிசைனர்தான் விட்டிருக்காரு. பின்னாடி யாரையாவது சேக்கணும்னா உதவும்னாரு.”

ஹாலில் பேச்சு நின்றது. ‘பின்னாடி’ என்றால் எதற்குப் பின்னாடி என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டார்கள். எல்லார் கண்களும் மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்திருந்த ஆயாவின் பக்கம் திரும்பின.

“என்ன ஏன்டா பாக்குறீங்க?” என்றாள் ஆயா. “நான்தான் ஏற்கெனவே உள்ள கீறேனே!”

பெரியப்பா பந்திக்கு இருக்கவில்லை. இலை போட்டுக்கொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். மறுபடி கோபம் வந்துவிட்டதோ என்று அப்பா படிக்கட்டு வரை போய்ப் பார்த்தார். அரைமணி நேரத்தில் கடையிலிருந்து எனக்கு போன்.

“சார், உங்க பெரியப்பாவாம், இங்க ஸ்டூல்ல ஒக்காந்திருக்காரு. லைட் ரைட்ல இருந்து வரணுமா லெஃப்ட்ல இருந்தான்னு கேட்டுக்கினே இருக்காரு. என்ன சொல்றது?”