டிரம்காரரின் கோடைக் கணக்கு

சென்னையில் தெருவுக்கு ஒரு டிரம்காரர் இருக்கிறார். டிவியில் 'காற்றழுத்தத் தாழ்வு' என்ற சொல் காதில் விழுந்ததுமே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கும் வாசலுக்குமாக ஓடுகிறவர். மாடியிலிருந்து இறங்கும் பிவிசி குழாயை அறுத்து, எல்போ மாட்டி, எம்சீல் பூசி, 200 லிட்டர் நீல டிரம் மூன்றை வரிசையாகக் கோத்திருப்பார். டிரம் வாயில் பழைய நைலக்ஸ் புடவைத் துண்டு கட்டியிருக்கும். முதல் பத்து நிமிட மழை தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும், அதை வெளியே விட்டுவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், மனசுதான் வராது. தெரு அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. சிரிக்கட்டும், ஆனால் இடம் பார்த்துச் சிரிக்க வேண்டும். தண்ணீரைப் பிடிப்பதில் பெரிய தப்பு ஒன்றுமில்லை. பிடித்ததைச் செலவழிக்க மாட்டேன் என்கிறாரே, வேடிக்கை அங்கேதான்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். ஆக, 7 மி.மீ. பெய்தாலே மூன்று டிரம்மும் தளும்பிவிடும். சென்னைக்கு ஆண்டுச் சராசரியோ 1,400 மி.மீ. அளவில் இருக்கிறது. அக்டோபர் முதல் மழையில் டிரம் நிறைந்ததும், பிக்சட் டெபாசிட் ரசீதைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்துப் பூரித்துவிட்டு மூடிவிடுகிறார். நடுவில் ஒரு வாரம் வெயில் காய, கறிவேப்பிலை தலையைத் தொங்கப் போடுகிறது. "ஒரு வாளி ஊத்தினா என்னங்க?" என்று வீட்டம்மா கேட்டால், "கோடைக்கு வேணும்மா!" செடிக்குப் போர் தண்ணீர்தான். அதன் உப்பு தொட்டி விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. அடுத்த மழை வருகிறது. நிறைந்த டிரம்மில் அதற்கு ஏது இடம்? வழிந்து தெருவுக்குப் போகிறது. பத்து முறை நிரப்பிப் பத்து முறை காலி செய்திருந்தால் 6,000 லிட்டர். அவருக்குக் கிடைத்தது 600.

கோடைக்குச் சேமிப்பது தப்பா என்று கேட்கலாம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்குப் பின்னால் குடத்தோடு நின்ற ஊர் இது, பயம் நியாயமானதுதான். ஆனால் முப்பது தொட்டிக்குத் தினம் தலா ஒரு லிட்டர் என்றாலும் 600 லிட்டர் இருபது நாளில் தீர்ந்துவிடும். மே மாதத்தில் அது எந்த மூலைக்கு? மழைக்காலத்தில் செடிக்கு எதற்குத் தண்ணீர் என்பார்கள் சிலர். வடகிழக்குப் பருவமழை விட்டு விட்டுத்தான் பெய்யும். மாடித் தொட்டியின் மண் இரண்டு நாள் வெயிலில் பொருக்குத் தட்டிவிடும். சன்ஷேடுக்கு அடியில் இருக்கிற மல்லிக்கு மழையே படாது. உப்பேறிய மண்ணை அலசவும் மழைத் தண்ணீரைவிட நல்லது கிடையாது. இன்னொன்று, டெங்குக் கொசு முட்டையிடுவதும் இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். நைந்த புடவைத் துண்டை நம்பி ஆறு மாதம் மூடி வைத்தால் யாருக்குச் சேமிப்பு என்று தெரியவில்லை. கோடைக்கான தண்ணீருக்கு இடம் பூமிக்கடியில். அதற்காகத்தான் 2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். டிரம்காரர் வீட்டிலும் அதற்கான குழி இருக்கிறது, சேறும் சருகுமாக. இந்த ஐப்பசிக்கு முன்னால் அதைத் தூர் வாருங்கள் சார்; வழிகிற குழாயை அதற்குள் திருப்பிவிடுங்கள். நாளைக்கு மழை என்று சொன்னால், இன்றைக்கே அந்த மல்லிக்கு ஊற்றி டிரம்மைக் காலி பண்ணுங்கள்.