திங்கட்கிழமைக் கருணை

1630இல் மழை பொய்த்தது. குஜராத்தும் தக்காணமும் காய்ந்து கருகின. அகமதுநகரை அடக்கும் போருக்காகப் பேரரசர் ஷாஜகான் அப்போது படையோடு புர்ஹான்பூரில் தங்கியிருந்தார். இளகிய மனசு. திங்கட்கிழமைதோறும் ஏழைகளுக்கு 5,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார். ஏன் திங்கள்? அவர் அரியணை ஏறிய கிழமை அது. செவ்வாய்க்கிழமை பசித்தவன் ஆறு நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இருபது வாரம் கொடுத்தார்கள். ஆக ஒரு லட்சம். காசு பிசகாமல் எழுதிவைத்தவர் அரசவை வரலாற்றாசிரியர் அப்துல் ஹமீது லாஹோரி. செத்தவர்களின் எலும்பை இடித்து மாவில் கலந்து விற்றார்கள் என்றும் அவரே எழுதுகிறார். விற்றவர்களைப் பிடித்துத் தண்டித்தார்களாம். பாருங்கள், கலப்படத் தடுப்பு அன்றைக்கே எவ்வளவு கறார்!

கஞ்சித்தொட்டிகள் திறந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. வரியிலும் பதினொன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. மீதிப் பத்துப் பங்கைப் பிணங்கள் எழுந்து வந்து கட்டின போலிருக்கிறது.

அந்த ஆண்டு சூரத்திலிருந்து ஆக்ராவுக்குப் போன ஆங்கிலேய வணிகர் பீட்டர் மண்டி, வழியெல்லாம் பிணங்களைக் கண்டார். கூடாரம் அடிக்கப் பிணமில்லாத இடம் தேட வேண்டியிருந்தது. மாட்டுச் சாணியையும் குதிரை லத்தியையும் கிளறிச் செரிக்காத தானியத்தைப் பொறுக்கித் தின்றவர்களையும் கண்டார். தானியமே இல்லாத நாடோ என்றால், அதுவும் இல்லை. பஞ்சாராக்கள் என்ற நாடோடி வணிகர்களின் பொதிமாடுகள் அதே பாதையில் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தன. முதுகில் தானிய மூட்டை. போன இடம் புர்ஹான்பூர், பேரரசரின் படை முகாம். மூட்டை சிப்பாய்க்கு, சாணி குடியானவனுக்கு. பங்கீட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் நடுவில் ஆசாரிகள் கைவேலையை நிறுத்தவில்லை. ஏழு ஆண்டு உழைப்பில் 1635இல் பேரரசரின் அரியணையான மயிலாசனம் தயார். ரத்தினம் 86 லட்சம், தங்கம் 14 லட்சம், மொத்தம் ஒரு கோடி ரூபாய். ஒரு கோடியை ஐயாயிரத்தால் வகுத்துப் பார்த்தேன். 2,000 திங்கட்கிழமை வருகிறது. முப்பத்தெட்டு ஆண்டுக் கருணை! அதன்மேல் ஒருவர் காலை மடக்கி உட்கார்ந்தார்.

அந்த ஆசனம் இப்போது நம்மிடம் இல்லை. 1739இல் நாதிர் ஷா வாரிக்கொண்டு போய்விட்டான். அதை நினைத்தால் மட்டும் நமக்கு இன்றும் வயிறு எரிகிறது.