நிற்றலியல்: இன்லைன் ஸ்கேட்டிங் குறித்த ஒரு முன்னாய்வு

இன்லைன் ஸ்கேட்டிங் பழகப் புகுவோர் அனைவரும் ஓடக் கற்றுக்கொள்ளப் போவதாகவே வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புகின்றனர். இது பிழையான கருதுகோள். ஒரே வரிசையில் நான்கு சக்கரம் பூட்டிய காலணியை இரு கால்களிலும் மாட்டியபின் ஓடுவதற்கு முயற்சியே வேண்டாம். தரை சற்றுச் சரிந்திருந்தால் மீதியைத் தரையே பார்த்துக்கொள்ளும். எட்டுச் சக்கரங்கள், சக்கரத்துக்கு இரண்டாகப் பதினாறு பேரிங்குகள், ஒவ்வொன்றும் 22 மி.மீ. விட்டம். இத்தனையும் கூடிப் பாடுபடுவது மனிதன் நிற்கக் கூடாது என்பதற்காகவே. ஆகவே இத்துறையை ஓட்டத்தின்பாற் சேர்த்த முன்னோர் கொள்கையை மறுத்து, இது நிற்றலியலே என நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

துறையின் முதல் தரவு லண்டனில் கிடைக்கிறது. ஜான் ஜோசப் மெர்லின் 1735இல் இன்றைய பெல்ஜியத்தின் ஹுய் நகரில் பிறந்தவர்; கடிகாரமும் இசைக்கருவியும் செய்வதில் வல்லவர். சோஹோவில் திருமதி கார்னெலிஸ் நடத்திய முகமூடி விருந்து ஒன்றுக்குச் சக்கரக் காலணியோடு வந்து, வயலின் வாசித்தபடியே கூட்டத்தினூடே உருண்டார். வேகத்தைக் குறைக்கவோ திசையைத் திருப்பவோ அவரிடம் எந்த ஏற்பாடும் இல்லை. 500 பவுண்டுக்கு மேல் விலைபெறும் நிலைக்கண்ணாடியில் போய் மோதினார். கண்ணாடி சிதறியது, வயலின் நொறுங்கியது, அவருக்கும் பலத்த காயம். பின்னாளில் எழுதப்பட்ட செய்திதான். ஆயினும் ஒருமுறை ஸ்கேட் மாட்டியவர் எவரும் அதன் நம்பகத்தன்மையை ஐயுறுவதில்லை. வரலாற்றாசிரியர்கள் இதை விபத்து என்பர். மோதியதும் அவர் நின்றார் என்பதை அவர்கள் கவனிக்கத் தவறினர். ‘சுவர் முறை’ என நாம் வகுக்கும் நிறுத்தத்துக்கு இதுவே மிகப் பழைய சான்று.

அதற்குப் பின் வந்தவர்களைச் சுருக்கமாகக் கடக்கலாம். 1819இல் பாரிஸில் பெத்திப்ளே என்பவர் ஒற்றை வரிசைச் சக்கரங்களுக்குக் காப்புரிமை பெற்றார். 1863இல் நியூயார்க்கின் ஜேம்ஸ் பிளிம்ப்டன் சக்கரங்களை முன்னிரண்டு பின்னிரண்டாக்கி, உடலைச் சாய்த்தால் காலணி திரும்பும்படி செய்தார். உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அவர் பின்னாலேயே போனது. 1980 வாக்கில் மினசோட்டாவின் ஓல்சன் சகோதரர்கள் பனி ஹாக்கிக்காரர்கள் கோடையிலும் பயிற்சி செய்யட்டும் என்று பழைய ஒற்றை வரிசையை மீட்டெடுத்தனர். ரோலர்பிளேடு என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

அற்றேல், இன்லைன் ஸ்கேட்டின் குதிகாலில் ரப்பர் பிரேக் உண்டே, அதை அழுத்தினால் நிற்காதோ எனின், அற்றன்று. பிரேக் பூட்டிய காலை முன்னே நீட்டி, முழங்காலை மடக்கி, நாற்காலியில் அமர்பவரைப் போல இடுப்பைத் தாழ்த்தி, நுனிக்காலைத் தூக்கினால்தான் ரப்பர் தரையைத் தொடும். அதாவது அச்சம் பிடித்த மனிதன் எதையெல்லாம் செய்யமாட்டானோ அதையெல்லாம் வரிசையாகச் செய்ய வேண்டும். அச்சம் வந்தால் உடல் நிமிரும், கால்கள் விறைக்கும், கை காற்றில் எதையோ தேடும். பிரேக் சும்மா இருக்கும்.

ஆகவே தொடக்கநிலையாளர் வேறு வழிகளை நாடுகின்றனர். புல்தரைக்குள் ஓடிவிடுதல் ஒன்று. பல பயிற்சியாளர்கள் முதல் பாடத்தையே புல்லில்தான் நடத்துகிறார்கள். குதிகால் சேர்த்து நுனி விரித்து வாத்து நடை போடச் சொல்வதும் அங்கேதான். மற்றொன்று உறவினர் முறை. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் அணிந்து வரும் சிறார்க்குப் பெற்ற தந்தையே இறுதி நிறுத்தம். தந்தை போனில் இருந்தால் அந்நியரும் உறவாவர்: “அங்கிள், பிடிங்க!” கடற்கரை மணல் பேரிங்குக்குள் புகுந்தாலும் ஸ்கேட் நிற்கும், எனினும் அதற்கான செலவைக் கருதி அதை ஒரு முறையாக நாம் ஏற்கவில்லை.

நிற்றலியலுக்குத் தமிழகத்தின் தனிப் பங்களிப்பு ஒன்று உண்டு. ஆய்வுலகம் அதைப் பேசுவதே இல்லை. மெக்கானிக் கடையில் கழித்துப்போட்ட பேரிங்குகளைப் பலகையில் பூட்டிச் செய்த பேரிங் வண்டியைத்தான் சொல்கிறோம். இறக்கத்தில் அது விட்ட சத்தத்துக்குத் தெருவே எழுந்து வரும். நிறுத்தத் தேவைப்பட்டது ஒரு ரப்பர் செருப்பு மட்டுமே. செருப்பு தேய்ந்த விவரம் வீட்டுக்குத் தெரிந்தபின் வண்டி நிரந்தரமாக நின்றது.

நின்றறியாதார் விழுந்தறிவர். விழுவதற்கும் இலக்கணம் உண்டு: முழங்கால் மடங்க, முன்னோக்கி, முதலில் முழங்கால் கவசம், அடுத்து முழங்கை, கடைசியாக மணிக்கட்டுக் கவசத்தின் பிளாஸ்டிக் தகடு தரையில் வழுக்க விழ வேண்டும். வெறுங்கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டின் சிறு எலும்புகள் உடையும். பின்னோக்கி விழுந்தால் வால் எலும்பு நம்மிடம் இன்னமும் இருக்கிறது என்பது தெரியவரும். ஆதலால் புதிதாகச் சேர்பவர் ஸ்கேட்டின் நிறத்தை யோசிப்பதற்கு முன் கவசத்தை வாங்குக. முதல் ஜோடிக்கு 80 மி.மீ. அளவிலான சக்கரமே போதும். பந்தயக்காரர்களின் 110 மி.மீ. சக்கரத்தைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் கேட்டுக்கொண்டு மட்டும் வருக.

தேர்ந்தவர்கள் டி-ஸ்டாப் போடுவார்கள். பின்காலைக் குறுக்காக வைத்து இழுத்து நிறுத்துவது. இதனால் அந்தக் காலின் சக்கரங்கள் ஒருபக்கமாகத் தேயும். அவற்றைக் கழற்றித் திருப்பி, இடம் மாற்றிப் பூட்டுவது வழக்கம். கல்வெட்டு படிப்பது போல அத்தேய்மானத்தைப் படித்தால், உரியவர் எந்தக் காலை நம்புகிறார், எவ்வளவு நாளாகத் திருப்பிப் பூட்டாமல் சோம்பியிருக்கிறார் என்பதெல்லாம் விளங்கும்.

இனிக் கடினமான ஒரு வழக்கு. 2023 அக்டோபர் 2, ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி, ஆடவர் 3000 மீட்டர் ரிலே. முன்னால் வந்த தென்கொரியாவின் ஜுங் சியோல்-வோன் எல்லைக் கோட்டுக்குச் சற்று முன்பே இரு கைகளையும் தூக்கி வெற்றியைக் கொண்டாடினார். பின்னால் வந்த தைவானின் ஹுவாங் யூ-லின் இடக்காலை நீட்டினார். 0.01 விநாடியில் தங்கம் கைமாறியது. தங்கம் வென்றால் கிடைக்கும் கட்டாய ராணுவச் சேவை விலக்கும் கூடவே போனது. சக்கரம் ஓட, மனம் மட்டும் முன்னதாக நின்றுவிடும் இந்நிலைக்கு நம் வகைப்பாட்டில் இடமில்லை. புதிய இயலே எழுத வேண்டும்.

அதே பந்தயத்தில் நான்கு விநாடிக்கு மேல் பின்தங்கி வெண்கலம் பெற்ற இந்திய அணியில் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் இருந்தார். 2025இல் சீனாவின் பெய்தாய்ஹேயில் அவரே 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் முடித்து உலகச் சாம்பியனானார்; 42 கி.மீ. மாரத்தானிலும் தங்கம் வென்றார். பந்தய ஸ்கேட்டில் குதிகால் பிரேக் கிடையாது. அந்த வேகத்தில் கோட்டைத் தாண்டியவர் எங்கே, எப்படி நின்றார் என்பதே நமக்கு வேண்டிய தரவு. ஒளிபரப்பாளர்களோ கோட்டைக் கடந்ததும் கேமராவை மதிப்பெண் பலகைப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். கோட்டுக்கு அப்பால் தனிக் கேமரா ஒன்று வைக்குமாறு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.