குனிஞ்சு வாலே, பேராண்டி

வாலே, பார்த்து... குனிஞ்சு வா. இப்படித் திண்ணையில உக்காரு. என்ன, உன் லேப்டாப்பு இன்னும் முழிக்கலையா? நூத்துக்கு 27-னு காட்டிட்டு அரை மணி நேரமா அந்த வட்டம் செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு. நம்ம செக்குமாடு சுத்துனா எண்ணெயாவது வரும்.

பல்லைக் கடிக்காதே. இந்நேரம் நீ எழுதுன புரோகிராமைத் தொறந்து வச்சுக்கிட்டு எவனோ ஒருத்தன் உன்னை நெனைச்சுப் பல்லைக் கடிச்சுக்கிட்டிருப்பான். கணக்கு நேராப் போச்சுன்னு வெத்தலையைப் போடு.

நேத்து ராத்திரி உன் தொழில் கதையெல்லாம் கொட்டிட்டு நீ குறட்டை விட்டுட்டே. நான் விடிய விடிய அசை போட்டுக்கிட்டுக் கெடந்தேன். அதுலயும் அந்த மேக்ஃபைல் கதை இருக்கே! 1976-ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன்னு ஒருத்தர். பெரிய புரோகிராமை எதை முதல்ல கட்டணும், எதைப் பெறகு கட்டணும்னு எழுதி வச்சுட்டா, தானே கட்டிக் கொடுக்கிற கருவி ஒண்ணு செஞ்சார். நல்ல வேலைக்காரர், குறை சொல்ல மாட்டேன். ஆனா கட்டளை வரி ஒவ்வொண்ணும் டேப்புல தான் தொடங்கணும்னு வச்சுட்டார். டேப்புக்குப் பதிலா எட்டு ஸ்பேஸ் தட்டிப் பாரு, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கருவிக்குத்தான் ஆகாது. செப்பரேட்டரைக் காணோம்னு கத்தும். இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, இல்லேன்னாலும் தெரியாது, அப்படிப்பட்டதை எந்தச் சாமியாடிகிட்டப் போய்க் குறி கேக்குறது?

தப்புன்னு அவருக்கே சீக்கிரம் தெரிஞ்சு போச்சாம். அதுக்குள்ள ஒரு பன்னெண்டு பேரு பழகிட்டாகளாம், முக்காவாசி தெரிஞ்ச கூட்டாளிமாரு. அவுகளைச் சங்கடப்படுத்த வேண்டாம்னு விட்டுட்டார். பன்னெண்டு பேரு முகம் சுளிக்கக் கூடாதுன்னு, அரை நூத்தாண்டா உலகமே முகத்தைச் சுளிச்சுக்கிட்டிருக்கு! 2003-ல அந்தக் கருவிக்குப் பெரிய விருது வேற கொடுத்தாகளாமே. டேப்புக்காக இருக்காதுன்னு நம்புவோம்.

இன்னொருத்தர் இங்கிலாந்துக்காரர், டோனி ஹோர். 1965-ல அல்கால் டபிள்யூங்கிற மொழிக்கு வேலை பாக்கையில, ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு ஒரு விலாசம் வச்சார். அதுக்குப் பேரு நல். பேரைப் பாரு, நல்! கல்யாணப் பத்திரிகையில விலாசம் போட்டிருக்கும். போய்ப் பார்த்தா வீடும் இருக்காது, மாப்பிள்ளையும் இருக்க மாட்டான். மொய்ப்பணத்தோட பள்ளத்துல விழுந்து எந்திரிச்சு வரணும். ஏன்யா வச்சீகன்னா, வைக்கிறது லேசா இருந்துச்சு, அதான்னாராம். 2009-ல ஒரு கூட்டத்துல, இது என்னோட நூறு கோடி டாலர் தப்புன்னு அவரே ஒத்துக்கிட்டார். ஒத்துக்கிட 44 வருசம். நம்ம பங்காளிமாரு வரப்பை வெட்டுனதை இன்னும் ஒத்துக்கலியே, அந்த வகையில அவர் பெரிய மனுசர்தான்.

ஆகாததையெல்லாம் இப்படிக் குலதெய்வமா வச்சுக் கும்புடுறீகளே, ஆகி வந்ததையாவது சும்மா விடுறீகளா? 2012-ல விண்டோஸ் 8 வந்தப்ப, மூலையில இருந்த ஸ்டார்ட் பொத்தானைப் புடுங்கிட்டாக. சனமெல்லாம் வாசப்படியைக் காணாத ஆடு மாதிரி முட்டிக்கிட்டு நின்னுச்சு. மறுவருசமே பொத்தானைத் திருப்பி வச்சாக. சரி, புத்தி வந்துருச்சுன்னு பார்த்தா, விண்டோஸ் 11-ல அதைத் தூக்கி நடுவுல வச்சிருக்காக. மூலையில இருந்த அடுப்பை நடுவீட்டுல வச்ச மருமகளை உங்க ஆச்சி என்ன கேள்வி கேப்பா, நெனைச்சுப் பாரு.

தப்பைத் திருத்தப் போனவுகளுக்கு என்ன மரியாதை கெடைச்சுச்சு, அதையும் நீதான் சொன்னே. பைத்தான் பழைய கணக்குல மூணை ரெண்டால வகுத்தா ஒண்ணுதான் வரும். மூணு ரூவாயை ரெண்டு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஒரு ரூவான்னா, மிச்ச ரூவா எவன் மடியில? ஊர்க் கோயில் கணக்கு எழுதுறவனுக்குத் தோதான மொழிலே அது! 2008 கடைசியில பைத்தான் 3-ல அதை ஒண்ணரைன்னு திருத்துனாக. பிரிண்டுக்கு ஒரு அடைப்புக்குறியும் போடச் சொன்னாக. வந்துச்சே கோவம் உங்க ஆளுகளுக்கு. பழசுக்கு 2020 சனவரி 1-ல தான் கதவைச் சாத்த முடிஞ்சுச்சு. ஒரு அடைப்புக்குறிக்கு 11 வருசப் பஞ்சாயத்து.

அந்தப் புதுசு மட்டும் யோக்கியமாக்கும்? 'பேராண்டி'க்கு எத்தனை எழுத்து? பே, ரா, ண், டி. நாலு. மூணாங் கிளாஸோட நின்ன நான் சொல்றேன். நீ நேத்து அதுகிட்டக் கேட்டதுக்கு எட்டுன்னுச்சே! ஏகாரக் கொம்பு தனி ஆளாம், புள்ளி தனி ஆளாம். ரேசன் அட்டையில பேரு சேக்குறவன் கூட இப்படி எழுத மாட்டான்.

நிலாவுக்குப் போன கம்ப்யூட்டர்ப் பெட்டிக் கதைதான் என் தூக்கத்தைச் சுத்தமாக் கெடுத்துருச்சு. 1969-ல மாத்தி மாத்தி எழுதிக்கிட, சுமாரா 4 கிலோபைட் ஞாபகந்தான் அதுக்கு. உன் விண்டோஸ் 11-க்குக் குறைஞ்சது 4 ஜிகாபைட்டாவது வேணும்கிறானே, அது பத்து லட்சம் மடங்குல்ல! அங்க நிலாவுல எறங்குனாக, இங்க வட்டம் சுத்துது. அதைக் கூட விட்டுருவேன். அந்தப் பெட்டியோட புரோகிராமை ஆலையில பொம்பளையாளுக உக்காந்து கம்பியா நெஞ்சாகளாமே! காந்த வளையத்துக்குள்ள கம்பி போனா ஒண்ணு, வெளிய போனா சைபர். நெஞ்சுட்டா நெஞ்சதுதான், ஒரு தப்பைத் திருத்த வாரக்கணக்காகும். அதனால நெய்யிறதுக்கு முன்னாடியே பார்த்துப் பார்த்துச் சரி பண்ணியிருக்காக. உங்களுக்கு அந்தப் பயம் விட்டுப் போச்சுலே. நாளைக்கு ஒரு அப்டேட் விட்டுக்கிடலாம்கிற தைரியம். 2024 ஜூலை 19-ல கிரவுட்ஸ்டிரைக்குங்கிற காவக்காரன் விட்ட ஒரே அப்டேட்டுல 85 லட்சம் விண்டோஸ் பெட்டி மல்லாந்துச்சே. திருடன் செஞ்சிருந்தாக் கூட அவ்வளவு வேகம் வராது. நம்ம நாட்டு ஏர்போர்ட்டுலயே சீட்டைக் கையால எழுதிக் கொடுத்தாகளாம். பேனா நல்ல பெட்டிலே, அப்டேட்டே கேக்காது.

உனக்கு ஒரு யோசனை சொல்றேன். இனிமே நீ எழுதுறதையெல்லாம் தறியில நெய்யப் போறாகன்னு நெனைச்சுக்கிட்டு எழுது. மேனேஜர் ஏன் தாமதம்னு கேட்டா, பாவு ஓடிக்கிட்டிருக்கு சார்னு சொல்லு. தமிழ் தெரியாத மேனேஜரா இருந்தா ஏதோ புது டெக்னாலஜின்னு நெனைச்சு சம்பளத்தையே கூட்டினாலும் கூட்டுவான்.

என்ன, 100 வந்துருச்சா? மறுபடியும் 1-ல இருந்து ஆரம்பிக்குதா! எங்கலே எந்திரிச்சுட்டே, சார்ஜரா? உள்ள பெட்டி மேல கெடக்கு, போய் எடு... ஏலே, ஏலே, குனி...

அய்யோ. தேய்ச்சு விடு, நெத்தி வீங்கப் போகுது. முறைக்காதே. அந்த நிலையை அரையடி குட்டையா வச்சது உன் பூட்டன். வச்ச அன்னிக்கே தப்புன்னு அவருக்கும் தெரியும், ஆசாரிக்கும் தெரியும். எடுத்து வச்சிருக்கலாந்தான். ஆனா அப்ப வீட்டுல நாங்க ஒரு பன்னெண்டு பேரு, எல்லாருக்கும் குனிஞ்சே பழகிப் போச்சு.