கிரியேட்டினினே, உன் அடக்கம் வாழ்க!

சிறுநீரகம் பழுதாகிறதா என்று அறிய உலகமே உன்னைத்தான் கேட்கிறது, கிரியேட்டினினே! மருத்துவர் சீட்டில் முதலில் எழுதுவது உன் பெயர். "உப்பு எவ்வளவு இருக்கு?" என்று மக்கள் கவலையோடு விசாரிப்பதும் உன்னைத்தான். 1886இல் மாக்ஸ் யாஃபே பிக்ரிக் அமிலத்தைச் சேர்த்து உன்னைச் சிவக்க வைத்த முறை இன்றும் பல ஆய்வகங்களில் நடக்கிறது. இத்தனை பெருமை இருந்தும் நீ வாய் திறக்க அவசரப்படுவதே இல்லை.

உன் அடக்கம் யாருக்கு வரும்! ஒருவர் ரத்தத்தில் 0.6 ஆக இருக்கிறாய். அவருடைய வடிகட்டும் திறனில் பாதி போய்விடுகிறது. நீ 1.2க்கு வருகிறாய், அவ்வளவுதான். ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்ட எல்லையைத் தாண்டுவதில்லை. தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாய். பாதி போனவரை இவ்வளவு நிம்மதியாகத் தூங்க வைக்க வேறு யாரால் முடியும்?

பாரபட்சமும் அறியாதவன் நீ. 25 வயது இளைஞனுக்கும் 75 வயதுப் பாட்டிக்கும் அதே 1.1தான். வயதையும் பாலினத்தையும் சேர்த்து 2021ஆம் ஆண்டின் சூத்திரத்தில் போட்டால் வடிகட்டும் அளவு அவனுக்கு 96, பாட்டிக்கு 52. தசையில் பிறப்பவன் நீ. தசை வற்றிய உடலில் குறைவாகவே பிறக்கிறாய். மெலிந்தவர், கால் இழந்தவர், நெடுநாள் படுக்கையில் கிடப்பவர் என எளியவர்களின் ரகசியத்தைத்தான் இன்னும் பத்திரமாகக் காக்கிறாய்.

நிதானமோ அதற்கும் மேல். கடும் வயிற்றுப்போக்கில் சிறுநீரகம் திடீரென்று முடங்கினாலும் நீ ஏறிவர ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். சிறுநீர்ப் பை நிறையாததைக் கவனித்த நர்ஸ் அதற்குள் அறிந்திருப்பார். 48 மணி நேரத்தில் 0.3 கூடினாலே திடீர்ப் பாதிப்பு என்பது மருத்துவ விதி. 0.7 மறுநாள் 1.0 ஆனாலும் நீ எல்லைக்குள்தான் நிற்கிறாய். பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கே அது பிடிபடும். அதை எடுத்துவரச் சொல்லி நீ யாரையும் தொந்தரவு செய்ததில்லை.

சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்று பார்க்கும் பரிசோதனை, சர்க்கரை நோயாளிகள் பலருக்கு உனக்குப் பல ஆண்டுகள் முன்பே சேதி சொல்லிவிடும். ஊசி வேண்டாம், கொஞ்சம் சிறுநீர் போதும். ஆனாலும் சீட்டில் உன் பெயரை எழுதியபின் அதையும் எழுதப் பலருக்குத் தோன்றுவதில்லை. அத்தனை நம்பிக்கையைச் சம்பாதித்து வைத்திருக்கிறாய்.