முதலில் மாடி, பிறகு ஏ.சி.

கேள்வி: முப்பது வருஷத்து வீடு. மொட்டைமாடி ஒழுகுகிறது, ஏ.சி.யும் மூச்சு வாங்குகிறது. யாரை முதலில் கூப்பிடுவது?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: கொத்தனாரைத்தான் அம்மா! மாடியில் அவுட்டோர் யூனிட்டை மாட்டிவிட்டு, அப்புறம் தளம் கொத்த அதையே கழற்றினால் கூலி இரண்டு தடவை. 'பழசு மேலேயே ஒரு பூச்சு பூசிடலாம்' என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பழைய தட்டோட்டைப் பெயர்த்து, மழைநீர்க் குழாய் பக்கம் வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். புது ஓடு பதிக்கும் முன் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி, கீழிருந்து அண்ணாந்து பாருங்கள். ஈரம் பூத்தால் கடைசித் தவணை உங்கள் பையிலேயே இருக்கட்டும். வெள்ளை ஓடு பதித்தால் அறைச் சூடும் தணியும்.

பிறகு ஏ.சி.க்காரர். வாக்யூம் பம்ப் இல்லாமல் வந்தால் வேலையைத் தொடவிடாதீர்கள். செப்புக் குழாயில் தங்கும் ஈரம் கம்ப்ரசருக்கு எமன். ஐப்பசி மழைக்கு முன் மாடியை முடித்துவிடுங்கள்.