அரண்மனைக்காரன் தெருவில் குடியிருந்தவர்கள்

கேள்வி: ஆர்மேனியர்களுக்கும் தமிழர்களுக்கும் ஏதாவது ஒட்டு உறவு உண்டா? (வாசகர், நெற்குப்பை)

சென்னை பாரிமுனைக்குச் சரக்கெடுக்கப் போனவர்களைக் கேளுங்கள், 'அரண்மனைக்காரன் தெரு' என்பார்கள். அங்கே அரண்மனையும் இல்லை, ராஜாவும் இல்லை. 'ஆர்மேனியன் தெரு' என்பதுதான் நம்மவர் வாயில் அப்படி ஆகிவிட்டது. 1772-இல் அவர்கள் கட்டிய தேவாலயம் இன்றும் அதே தெருவில் நிற்கிறது. உலகின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794-இல் மதராஸில்தான் அச்சானது. நடத்தியவர் ஷ்மவோனியன் என்ற பாதிரியார். சொந்த மண்ணை விட்டு வந்தவர்கள் மொழியை விடவில்லை. கடல் தாண்டிப் பிழைத்த நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் மகனுக்குப் பதினொன்றாம் வகுப்பு, மத்தியப் பாடத்திட்டம். ஆங்கிலத் துணைப்பாடத்தில் இரண்டு பையன்கள் குதிரையைத் திருடி ஓட்டுகிறார்கள். இதையா பாடமாக வைப்பது? (ஒரு தாய், திருப்பத்தூர்)

இதைத்தான் வைக்க வேண்டும் அம்மா. எழுதிய வில்லியம் சரோயன் 1908-இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோவில் பிறந்த ஆர்மேனியர். மூன்று வயதில் தகப்பனை இழந்து, அநாதை விடுதியில் சில வருடம் இருந்து, பிறகு தெருவில் பத்திரிகை விற்ற பிள்ளை. அந்தக் கதை வரும் 'என் பெயர் ஆரம்' தொகுப்பு 1940-இல் வந்தது. குதிரைக்காரர் பையன்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. "உங்கள் குடும்பம் நேர்மையான குடும்பம்" என்ற தோரணையில் பேசிவிட்டுப் போகிறார். அடுத்த நாள் குதிரை கொட்டகைக்குத் திரும்பிவிடுகிறது. அடித்தால் பையன் பயந்திருப்பான். குடும்பப் பெயரைச் சொன்னதும் கூசினான். உங்கள் மகனோடு உட்கார்ந்து நீங்களும் படியுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் படிக்கும் கதையில் படுகொலையும் பஞ்சமும் எதற்கு? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கீழச்சிவல்பட்டி)

பிள்ளைகளே அதில் நடந்து வந்ததால், ஐயா. 1915-இல் துருக்கியின் ஒட்டோமான் அரசு ஆர்மேனியர்களை ஊர் ஊராக விரட்டியபோது வெரோன் என்ற சிறுமியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அவள் மகன் டேவிட் கெர்டியன் பிற்பாடு அமெரிக்காவில் எழுத்தாளரானார். தாயின் சிறுவயதைத் தாயே சொல்வதுபோல் எழுதி 1979-இல் வெளியிட்டார். மறு வருடமே அமெரிக்காவின் நியூபெரி கௌரவம் கிடைத்தது. பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் துக்கம் தெரியக்கூடாது என்று நாம் நினைக்கிறோம். துக்கம் அப்படி வயது பார்த்து வருவதில்லையே.

கேள்வி: நம் பக்கம் அப்படி எழுதியவர்கள் யார் இருக்கிறார்கள்? (கல்லூரி மாணவர், சிங்கம்புணரி)

உங்கள் ஊர்க்காரரே இருக்கிறார் தம்பி! ப. சிங்காரம், 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். பதினெட்டு வயதில் வேலைக்காகக் கப்பலேறி இந்தோனேசியாவின் மேடான் போனார். யுத்தத்தை அங்கேயே பார்த்தார். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டும்தான் அவர் எழுதிய நாவல்கள். இரண்டும் போதும். வட்டிக்கடையின் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லோரும் அவற்றில் நடமாடுகிறார்கள். பெட்டியடிப் பையன் என்றால் மீசை அரும்பாத வயது. கொண்டுவிக்கப் போன குடும்பங்களில் அப்படி ஒரு பையன் இல்லாத வீடு குறைவு. தாத்தாவின் தாத்தா அந்த வயதில் ராத்திரி எங்கே படுத்தார், யாரை நினைத்து அழுதார் என்று வட்டிக் கணக்கு ஏட்டில் இருக்காது. அதை நாவல்தான் எழுத வேண்டும்.

கேள்வி: அப்பத்தாவிடம் பர்மா கதை கேட்டால் "அதெல்லாம் என்னத்துக்கு" என்கிறார். (பத்தாம் வகுப்பு மாணவி, பிள்ளையார்பட்டி)

கதை கேட்காதே கண்ணு, சாமானைக் கேள். பரணில் இருக்கும் ரங்கூன் பெட்டியை இறக்கித் துடை. "இதை யார் தூக்கி வந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இரு. 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் பர்மாவிலிருந்து காடு மலை தாண்டி நடந்தே இந்தியா வந்தார்கள். நடந்தவர்கள் எல்லோரும் பேசிவிட மாட்டார்கள். சோறு பொங்கும்போது கேள், பதில் வரும். வந்ததை அன்றைக்கே எழுதிவை, அவர் சொன்ன சொல்லிலேயே.

கேள்வி: திருப்பத்தூரை வைத்து இளையோர் நாவல் எழுத ஆசை. ஒரு பொருள் தாருங்கள். (வாசகி, திருப்பத்தூர்)

மருது பாண்டியர் நினைவிடத்தைத் தாண்டித்தானே தினமும் போகிறீர்கள்? 1801 அக்டோபர் 24-இல் இங்கே அண்ணனையும் தம்பியையும் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயதளவில் இருக்கும். 1802-இல் அந்தப் பிள்ளையைப் போராளிகள் எழுபத்துச் சொச்சம் பேரோடு பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். கும்பினிப் படையின் ஜேம்ஸ் வெல்ஷ் சின்ன மருதுவிடம் ஈட்டியும் வளரியும் எறியக் கற்றவர். அதே வெல்ஷ் 1818-இல் பினாங்கு போனபோது, தளர்ந்துபோன கிழவர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். வெல்ஷ் பெயரைக் கேட்டார். துரைசாமி என்று பதில் வந்தது. 1830-இல் வந்த தன் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் இதை எழுதியிருக்கிறார்.

அந்தக் கிழவருக்கு அப்போது வயது முப்பத்தைந்துகூட ஆகியிருக்காது. நடுவில் போன பதினாறு வருடத்தை நீங்கள் எழுதுங்கள், அம்மா.